வெஜ்எஃப் 165 போட்டாலும் போடாட்டியும் ட்யூப் ஒரே மாதிரி வருது, சரக்கு டூப்ளிகேட்டா?

கயல்_லேப்கோட்

வணக்கம் மக்களே. பிஎச்டி மூணாவது வருஷம், சென்னைப் பக்கம் ஒரு லேப். புது ரத்தநாளம் முளைக்கறதை ஒரு மூலிகை காம்பவுண்ட் தடுக்குதான்னு பாக்கறதுதான் என் வேலை. தடுக்கறதுக்கு முன்னாடி முளைக்க வைக்கணும்ல, அதுக்காக ரத்தநாளத்தை வளர வைக்கற புரோட்டீன், ரீகாம்பினன்ட் ஹ்யூமன் வெஜ்எஃப் 165, மனுஷ ஜீனை ஈ.கோலை பாக்டீரியால வெச்சுத் தயாரிச்சது, 10 மைக்ரோகிராம் வயல் (சின்னக் குப்பி) ஒண்ணு கைட் கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். ஹூவெக் செல் (தொப்புள் கொடி ரத்தநாளத்தோட உள்சுவர் செல், அதாவது எண்டோதீலியம்), பாசேஜ் 4 (நாலாவது தடவை பிரிச்சு வளத்தது), மேட்ரிஜெல்ன்ற ஜெல் மேல 96 வெல் பிளேட்ல போட்டு 50 நானோகிராம்/மில்லி கொடுத்தா ஆறு மணி நேரத்துல செல்லெல்லாம் குழாய் வலை மாதிரி கோத்து ட்யூப் சூப்பரா வருது. ஆனா வெஜ்எஃப் கொடுக்காத கண்ட்ரோல் வெல்லயும் அதே அழகுல வந்து நிக்குது!! இமேஜ்ஜே சாஃப்ட்வேர்ல எண்ணிப் பாத்தா கிளை எண்ணிக்கைல வித்தியாசமே இல்ல, பி வேல்யூ எல்லாம் சொல்ற நிலைமைலயே இல்ல.

கைட் "சரக்கு செத்துப்போச்சு, வேற கம்பெனில வாங்கு"ன்றாரு. சப்ளையர் கிட்ட கேட்டா "நீங்க வெச்சிருந்த விதம் சரியில்ல மேடம்"ன்றாரு. நடுவுல நான். யாராச்சும் வழி சொல்லுங்க ப்ளீஸ்.

எலெக்ட்ரோ_எழில்

ஈ.கோலை சரக்குன்னா அப்படித்தான் சகோ. பாக்டீரியா சர்க்கரை ஒட்டாது, நம்ம உடம்புல இருக்கற புரோட்டீன் கிளைகோசிலேட் ஆனது, ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? ஹெக் 293ன்ற மனுஷ செல்லுல எடுத்தது வாங்குங்க, விலை கூடதான், ஆனா வேலை செய்யும்.

பழைய_பைப்பெட்

எழில் தம்பி, அவசரப்படாத. வெஜ்எஃப் 165ல ஒவ்வொரு சங்கிலிலயும் சர்க்கரை ஒட்டற இடம் ஒண்ணே ஒண்ணுதான், அது இல்லாமலும் ரிசெப்டரோட (செல் மேல நின்னு சிக்னல் வாங்கற புரோட்டீன்) நல்லாவே ஒட்டும், செல்லும் பெருகும். ஈ.கோலை வெஜ்எஃப்பை வெச்சு எத்தனையோ பேப்பர் வந்தாச்சு. சர்க்கரை இல்லாததால ஜெல்ல கொஞ்சம் கீழ ஓடும், அவ்ளோதான்.

கயல், புரோட்டீனை திட்டறதுக்கு முன்னாடி எனக்கு மூணு விஷயம் சொல்லுமா. ட்யூப் போடும்போது செல் எந்த மீடியத்துல இருந்துச்சு? மேட்ரிஜெல் சாதாரணமா, இல்ல குரோத் ஃபேக்டர் குறைச்சதா? செல்லை முன்னாடியே சத்து குறைச்சு பட்டினி போட்டியா இல்லையா?

கயல்_லேப்கோட்

மேடம் மீடியம் இஜிஎம்-2, எண்டோதீலியம் வளக்கன்னே விக்கறது, லேப்ல எல்லாருக்கும் பொதுவா மொத்தமா கலக்கி வெச்சிருப்பாங்க. மேட்ரிஜெல் சாதாரணம்தான், ஃப்ரீசர்ல இருந்த பாட்டில். பட்டினி போடல, புரோட்டோகால்ல அப்படி எதுவும் எழுதியிருக்கல.

பழைய_பைப்பெட்

அப்ப புரோட்டீன் மேல கேஸ் நிக்காது.

இஜிஎம்-2 கூட வர்ற சப்ளிமென்ட் டப்பாவைப் பிரிச்சுப் பாரு. சின்னச் சின்ன வயலா இருக்கும்ல, அதுல ஒண்ணு வெஜ்எஃப்பேதான்! கூடவே பேசிக் எஃப்ஜிஎஃப், இஜிஎஃப், ஐஜிஎஃப்-1, ஹைட்ரோகார்ட்டிசோன், அஸ்கார்பிக் ஆசிட், ஹெப்பாரின், சீரம். உன் "வெஜ்எஃப் இல்லாத" கண்ட்ரோல்ல வெஜ்எஃப் இருக்கு. பந்தில மூக்கு முட்ட சாப்ட்டு எழுந்தவன் கிட்ட ரெண்டு இட்லியை நீட்டி இவனுக்குப் பசிக்குதா இல்லையான்னு கண்டுபிடிக்கற கதைதான் இது.

அடுத்தது மேட்ரிஜெல். அது எலியோட இஹெச்எஸ் சர்கோமா கட்டில இருந்து எடுக்கற சாமான். லாமினின், கொலாஜன் 4 தவிர அந்தக் கட்டி சுரந்து வெச்ச குரோத் ஃபேக்டரும் கூடவே வரும். குரோத் ஃபேக்டர் குறைச்சதுன்னு தனியா விக்கறாங்களே, அது ஏன்னு நெனைக்கற? அதுலயும் சுத்தமா போயிடாது, குறையும், அவ்ளோதான். அதுக்கும் மேல, ஹூவெக்கை மேட்ரிஜெல்ல போட்டாலே அது பாட்டுக்கு நீண்டு ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும். எண்டோதீலியமே இல்லாத சில செல்லுங்க கூட அதுல கோடு கோடா நின்னு நம்மள ஏமாத்தும்.

அதனால மேட்ரிஜெல் ட்யூபை வெச்சு உன் வெஜ்எஃப் உயிரோட இருக்கா செத்துச்சான்னு தீர்ப்பு சொல்லவே கூடாது. அந்தக் கேள்வியை ரிசெப்டர் கிட்ட கேளு. அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்லும்.

எலெக்ட்ரோ_எழில்

ஓ, மீடியம்ல இருக்குன்றது எனக்கே இப்பதான் தெரியும் 😅 அந்த ரிசெப்டர் டெஸ்ட் என்னன்னு முழுசா சொல்லுங்க, எனக்கும் ஆகும்.

பழைய_பைப்பெட்

வெஜ்எஃப்புக்கு ஹூவெக்ல முக்கியமா ரெண்டு டைரோசின் கைனேஸ் ரிசெப்டர். ரிசெப்டர்-1, அதாவது ஃப்ளிட்-1, இறுக்கமா புடிச்சுக்கும் ஆனா சிக்னல் பலவீனம். ரிசெப்டர்-2, நாம கேடிஆர்னு சொல்றது, அதுதான் வேலைக்காரன். வெஜ்எஃப் வந்து ஒட்டினதும் ரெண்டு கேடிஆர் ஜோடி சேர்ந்து ஒண்ணை ஒண்ணு பாஸ்பேட் ஏத்திக்கும், அதுல டைரோசின் 1175 முக்கியமான இடம், அங்க இருந்துதான் செல்லுக்குள்ள பிஎல்சி காமா, அப்புறம் எர்க்ன்ற புரோட்டீன் பக்கம் சிக்னல் போகும்.

ஆறு வெல் பிளேட்ல செல்லை நிரப்பு. சப்ளிமென்ட் எதுவும் சேக்காத பேசல் மீடியம், அரை பர்சன்ட் சீரம், ராத்திரி முழுக்க பட்டினி. காலையில 50 நானோகிராம்/மில்லி வெஜ்எஃப், 5 நிமிஷம் ஒரு வெல், 10 நிமிஷம் ஒரு வெல், கொடுக்காத வெல் ஒண்ணு. கொடுக்காத வெல்லுக்கும் அதே பஃபரை அதே அளவு ஊத்தணும், மறந்துடாத. நேரம் முடிஞ்ச கையோட பிளேட்டை ஐஸ் மேல வெச்சு, ஆர்த்தோவனடேட் (பாஸ்பேட் கழளாம காப்பாத்தும்) போட்ட, ஐஸ் மாதிரி குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசல்ல கழுவி லைஸ் பண்ணு, அதாவது செல்லை உடை, அப்புறம் வெஸ்டர்ன் ஓட்டு. கைல போனை வெச்சுக்கிட்டு நின்னா பாஸ்பேட் பறந்துடும். கேடிஆர் பெரிய ஆளு, 200ல இருந்து 230 கிலோடால்டன் கிட்ட நிப்பான், அதனால 7 பர்சன்ட் ஜெல், ட்ரான்ஸ்ஃபரை நிதானமா ஓட்டு. ஆன்டிபாடி போட்டு பாக்க வேண்டியது நாலு: பாஸ்போ 1175 (பாஸ்பேட் ஏறின கேடிஆர்), மொத்த கேடிஆர், பாஸ்போ எர்க், மொத்த எர்க். கொடுக்காத வெல்ல ஒண்ணுமில்லாம கொடுத்த வெல்ல பளிச்சுனு வந்தா உன் வயல் பொழச்சுது.

பாசேஜ் 4 பரவாயில்ல. ஆறு ஏழுன்னு போயிட்டா கேடிஆரே குறைஞ்சுபோயிருக்கும், அப்ப எந்தக் கம்பெனி சரக்கை ஊத்தினாலும் செல்லுக்குக் காது கேக்காது.

கொங்கு_புரோட்டீன்

ஏனுங்க, அக்கா சொன்னது சரிதானுங்க, ஆனா புரோட்டீனை ஒரேடியா நம்பிடவும் வேண்டாமுங்க. நான் இதே மாதிரி புரோட்டீனை ஈ.கோலைல எடுத்து ரீஃபோல்ட் பண்ற வேலைல இருந்தவன். பாக்டீரியாக்குள்ள வெஜ்எஃப் உருண்டு திரண்டு இன்க்ளூஷன் பாடியாத்தான் வரும். யூரியாலயோ குவானிடினிலயோ கரைச்சு, குளுட்டாதயோன் ரெடாக்ஸ் கலவைல மெதுவா மடிய விடணும். சங்கிலிக்கு 16 சிஸ்டீனுங்க. சிஸ்டீன் முடிச்சு சரியா விழுந்து, ரெண்டு சங்கிலியும் எதிரும் புதிருமா கோத்து டைமர், அதாவது ஜோடி ஆனாத்தான் அது வெஜ்எஃப். மடியாத மோனோமர் (ஒத்தைச் சங்கிலி) வயலுக்குள்ள கெடந்தா எடைக்கு எடை இருக்கும், வேலைக்கு ஆகாதுங்க.

செக் பண்றது சுலபம். 100 நானோகிராம் எடுத்து ஒரு லேன்ல சிஸ்டீன் முடிச்சை அவுக்கற பீட்டா மெர்காப்டோ எத்தனால் போட்டும், இன்னொரு லேன்ல போடாமலும் ஓட்டி சில்வர் ஸ்டெயின் பண்ணுங்க. போட்டதுல 19, 20 கிலோடால்டன் கிட்ட, போடாததுல 38, 40 கிட்ட பேண்ட் வரணும். போடாததுலயும் கீழயே பெருசா ஒரு பேண்ட் கெடந்தா சப்ளையர் சட்டையைப் புடிக்கலாமுங்க.

இன்னொண்ணு, எண்டோடாக்சின் ரிப்போர்ட் பாத்தீங்களா? ஈ.கோலை சரக்குல எல்பிஎஸ், அதாவது அந்த பாக்டீரியா எண்டோடாக்சின், ஒட்டிக்கிட்டு வந்தா ஹூவெக் அதுக்கும் ஆடும், ஐகேம்-1ன்ற அழற்சி புரோட்டீன் ஏறும், நீங்க வெஜ்எஃப்னு நெனைச்சு பேப்பர் எழுதிடுவீங்க. சர்டிஃபிகேட்ல அந்த லாட்டுக்கு ஈயூ (எண்டோடாக்சின் யூனிட்) கணக்கு போட்டிருக்கும். சந்தேகமா இருந்தா எல்பிஎஸ்ஸை அடக்கற பாலிமிக்சின் பி போட்டு ஒரு கண்ட்ரோல் வெச்சிருங்க.

கயல்_லேப்கோட்

சர்டிஃபிகேட்ல மைக்ரோகிராமுக்கு 0.1 ஈயூக்கு கீழன்னு போட்டிருக்கு அண்ணா. கேரியர் ஃப்ரீ, கூட வேற புரோட்டீன் எதுவும் சேக்கல. ஜெல் ஓட்டிடறேன். கரைக்கறதுல ஏதாச்சும் இருக்கா? ஸ்டெரைல் வாட்டர்ல 100 மைக்ரோகிராம்/மில்லியா கரைச்சு மைனஸ் 80ல இருக்கு.

வடலி

வணக்கம், நான் டொரொன்டோவில ஒரு லேப்பில வேலை செய்யிறன், நாங்களும் உதைத்தான் பாவிக்கிறனாங்கள். கரைச்ச செறிவு சரி. ஆனா கேரியர் இல்லாத புரோட்டீனை ஐதாக்கி வச்சா பிளாஸ்டிக்கில ஒட்டிப்போயிடும், உங்கட ட்யூபுக்குள்ள இருக்கு எண்டு நீங்கள் நினைப்பியள், அது சுவரில இருக்கும். அதால 0.1 வீதம் பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின் புரோட்டீன்) போட்ட பிபிஎஸ்ஸில ஐதாக்குங்கோ, லோ பைண்ட் ட்யூப் இருந்தா இன்னும் நல்லது. வயலைத் திறக்க முதல் ஒருக்கா ஸ்பின் பண்ணுங்கோ, தூள் மூடியில ஒட்டியிருக்கும், வோர்டெக்ஸ் வேண்டாம். 5 மைக்ரோலிட்டர் படி பிரிச்சு வச்சு, எடுத்ததைத் திருப்பி உறைய வைக்காதேங்கோ.

கணக்கும் பாருங்கோ. உங்கட ஸ்டாக்கில மைக்ரோலிட்டருக்கு 100 நானோகிராம் இருக்கு, அப்ப ஒரு மில்லிக்கு 50 எண்டா அரை மைக்ரோலிட்டர் எடுக்க வேணும். அரை மைக்ரோலிட்டரை எந்தப் பைப்பெட்டால சரியா எடுக்கிறது? முதல் பத்து மடங்கு ஐதாக்கி, அதில 5 மைக்ரோலிட்டர் போடுங்கோ.

கயல்_லேப்கோட்

அந்த அரை மைக்ரோலிட்டரைத்தான் நேரா எடுத்துக்கிட்டு இருக்கோம் லேப்ல எல்லாரும் 🙈 மாத்திக்கறேன். ரொம்ப நன்றி.

சேலத்து_சிவா

சார் மேடம் எல்லாருக்கும் வணக்கம், நான் சயின்ஸ் ஆளு இல்ல, கூகுள்ல தேடும்போது இந்த இழை வந்துச்சு. எங்க அப்பாவுக்கு சுகர், கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது, ரத்த ஓட்டம் இல்லன்றாங்க. இந்த வெஜ்எஃப்ன்றது புதுசா ரத்தக்குழாய் வளர வைக்குதுன்னா, ஹ்யூமன்னு வேற போட்டிருக்கு, இதை வாங்கி டாக்டர் கிட்ட கொடுத்து கால்ல போடச் சொல்லலாமா? வயல் ஆன்லைன்ல விக்கறதா காட்டுது. எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல.

வாஸ்குலர்_வாத்தியார்

சிவா, நான் டாக்டர்தான், ரத்தநாள அறுவை சிகிச்சைப் பக்கம். அந்த வயலை வாங்காதீங்க. ஹ்யூமன்னு போட்டிருக்கறது மனுஷ ஜீன்ல இருந்து வந்த வரிசைன்னு அர்த்தம், மனுஷனுக்குப் போடலாம்னு அர்த்தம் கிடையாது. லேபிள்ல ஆராய்ச்சிக்கு மட்டும்னு பொடி எழுத்துல இருக்கும். மருந்துத் தரத்துல தயாரிச்சதும் இல்ல, பரிசோதிச்சதும் இல்ல.

நீங்க கேட்ட யோசனை தப்பில்ல, பெரிய பெரிய ஆளுங்களே இதை நெனைச்சு முயற்சி பண்ணாங்க. அமெரிக்காவுல விவான்னு ஒரு ட்ரையல், 2003ல ரிசல்ட் வந்துச்சு. நெஞ்சு வலி இருக்கற 178 பேருக்கு இதே வெஜ்எஃப் 165 புரோட்டீனை மருந்துத் தரத்துல தயாரிச்சு, முதல்ல இதய ரத்தக்குழாய்க்குள்ள, அப்புறம் கை நரம்பு வழியா சில தடவை கொடுத்தாங்க. 60 நாள் கழிச்சு ட்ரெட்மில்ல நடக்க விட்டா மருந்து வாங்கினவங்களும் நடந்தாங்க, வெறும் தண்ணி வாங்கினவங்களும் அதே அளவு நடந்தாங்க. 120 நாள்ல அதிக டோஸ் வாங்கினவங்களுக்கு நெஞ்சு வலி கொஞ்சம் குறைஞ்சது, அவ்வளவுதான். காரணம் பல இருக்கலாம், எனக்குப் படறது, ரத்தத்துல போட்டா இந்தப் புரோட்டீன் நிமிஷக் கணக்குலதான் நிக்கும், ரத்தநாளம் முளைச்சு முதிர வாரக் கணக்குல வேணும். டோஸை ஏத்தவும் முடியாது, நைட்ரிக் ஆக்சைடு கிளம்பி ரத்த அழுத்தம் சரிஞ்சுடும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. சுகர் இருக்கறவங்களுக்கு விழித்திரைல இதே வெஜ்எஃப் கூடுறதாலதான் கசிவு வருது, கண்ணு போகுது. அதை அடக்கத்தான் கண்ணுக்குள்ள ரேனிபிசுமேப், பெவசிசுமேப் ஊசி போடறோம். உங்க அப்பாவுக்கு கண்ணு டெஸ்ட் எடுத்து எவ்வளவு நாளாச்சு?

கால் புண்ணுக்குன்னு குரோத் ஃபேக்டர் ஜெல் ஒண்ணு நெஜமாவே இருக்கு, பெகாப்ளெர்மின், 1997ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. அது வெஜ்எஃப் இல்ல, பிடிஜிஎஃப்னு வேற ஒண்ணு. அதுவும் ரத்த ஓட்டம் ஓரளவு இருக்கற புண்ணுக்குத்தான். ஓட்டமே இல்லைன்னா முதல்ல டாப்ளர் எடுத்து அடைப்பு எங்கன்னு பாத்து, பலூனோ பைபாஸோ முடியுமான்னு கேளுங்க. நாளை தள்ளாதீங்க, இந்த வாரமே வாஸ்குலர் சர்ஜன் ஒருத்தரைப் பாருங்க. பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகள்ல இந்தப் பிரிவு இருக்கு.

சேலத்து_சிவா

ரொம்ப நன்றி டாக்டர். கண்ணு டெஸ்ட் எடுத்ததே இல்ல. ரெண்டுக்கும் கூட்டிட்டுப் போறேன்.

எலெக்ட்ரோ_எழில்

டாக்டர் சொன்னதுல ஒரு சந்தேகம். ஒரே மாலிக்யூல் வளரவும் வைக்கும், கசியவும் வைக்குமா? ரெண்டும் வேற வேற இல்லையா?

பழைய_பைப்பெட்

ஒண்ணேதான், அதுதான் இதோட சரித்திரத்துலயே சுவாரசியம். 1983ல பாஸ்டன்ல டோனல்ட் செங்கர், ஹெரால்ட் ட்வோராக் குழு, கட்டி செல்லு எதையோ சுரந்து ரத்தநாளத்தைக் கசிய வைக்குதுன்னு கண்டுபிடிச்சு வாஸ்குலர் பெர்மியபிலிட்டி ஃபேக்டர்னு பேர் வெச்சாங்க. அந்தப் பக்கம் கலிஃபோர்னியாவுல ஜெனென்டெக்ல நெப்போலியோன் ஃபெராரா, மாட்டு பிட்யூட்டரி செல்லு சுரக்கறதுல இருந்து எண்டோதீலியத்தைப் பெருக வைக்கற ஒண்ணைப் பிரிச்சு எடுத்தாரு. 1989 டிசம்பர்ல சயின்ஸ் பத்திரிகைல ரெண்டு வரிசையும் ஒரே இதழ்ல அடுத்தடுத்து வந்துச்சு, ஒப்பிட்டுப் பாத்தா ரெண்டும் ஒண்ணு! ரெண்டு கூட்டம் ஒரே ஆளை ரெண்டு பேர் சொல்லித் தேடிக்கிட்டு இருந்திருக்கு. ஃபெராரா அதோட விடல, இதுக்கு எதிரா ஆன்டிபாடி செஞ்சாரு, அதுதான் பின்னாடி பெவசிசுமேப்பா ஆகி 2004ல பெருங்குடல் கேன்சருக்கு அனுமதி வாங்குச்சு.

இது எவ்வளவு நுணுக்கமான கணக்குன்னா, எலிக் கருவுல வெஜ்எஃப் ஜீன் ரெண்டுல ஒண்ணு மட்டும் போனாலே கரு வயித்துலயே செத்துடும். 1996ல ரெண்டு குழு தனித்தனியா காட்டினாங்க. பாதி அளவு இருந்தும் பத்தலை பாருங்க. அதனாலதான் டாக்டர் சொல்ற மாதிரி வெளில இருந்து ஊத்தி சரிக்கட்டறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

கொங்கு_புரோட்டீன்

165ன்னு நம்பர் ஏன்னு புதுசா வர்ற பசங்க கேப்பாங்க, அதையும் சொல்லிடறனுங்க. ஒரே ஜீனை வேற வேற மாதிரி வெட்டி ஒட்டி 121, 165, 189, 206 அமினோ அமிலம் நீளத்துல வருமுங்க. 121 ஹெப்பாரின்ல ஒட்டாது, ஓடிப்போயிடும். 189 செல்லைச் சுத்தி மேட்ரிக்ஸ்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும். 165 ரெண்டுக்கும் நடுவால. எலில ஒண்ணு கம்மி, 164. ஆர்டர் போடும்போது ஹ்யூமனா மவுஸான்னு பாத்து போடுங்க.

கயல்_லேப்கோட்

அப்டேட்!!

ஜெல்: ரெட்யூஸ் பண்ணாததுல 40க்கு கொஞ்சம் கீழ ஒரே பேண்ட், பண்ணினதுல 20 கிட்ட. கொங்கு அண்ணா, டைமர் இருக்கு.

வெஸ்டர்ன்: பேசல் மீடியம்ல ராத்திரி பட்டினி போட்டு 5, 10 நிமிஷம் கொடுத்தேன். பாஸ்போ 1175 கண்ட்ரோல்ல சுத்தமா இல்ல, 5 நிமிஷத்துல பளீர், 10ல கொஞ்சம் மங்கல். எர்க் 10ல உச்சம். இஜிஎம்-2லயே விட்டு வெச்சிருந்த வெல் ஒண்ணும் கூட ஓட்டினேன், அதுல வெஜ்எஃப் கொடுக்காமலே பாஸ்போ எர்க் ஏற்கனவே மேல நிக்குது. கைட் அந்த லேனையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு, அப்புறம் "சப்ளிமென்ட் இல்லாத பேசல் பாட்டில் ரெண்டு தனியா ஆர்டர் போடு"ன்னாரு. வேற கம்பெனி பேச்சையே எடுக்கல 😄

இப்ப கேள்வி: ட்யூப் அசேவை விட்டுடவா? எக்ஸாமினர் கேப்பாரே.

பழைய_பைப்பெட்

விடாத, ஆனா அதை மட்டும் நம்பி நிக்காத. குரோத் ஃபேக்டர் குறைச்ச மேட்ரிஜெல், பேசல் மீடியம், 1 பர்சன்ட் சீரம், வெல்லுக்கு 15 ஆயிரம் செல், நாலு ஆறு மணில படம். மேட்ரிஜெல்லை முந்தின ராத்திரியே 4 டிகிரில ஐஸ் மேல வெச்சு உருக வை, டிப்பையும் குளிர வை. அப்பவும் கண்ட்ரோல்ல கொஞ்சம் ட்யூப் வரத்தான் செய்யும், பயப்படாத. உன் காம்பவுண்டுக்கு ட்யூப் குறைஞ்சா, செல்லு செத்து குறைஞ்சுதா நெஜமா தடுத்துதான்னு வயபிலிட்டி (எத்தனை செல் உயிரோட இருக்குன்னு) பாத்தே ஆகணும். மூலிகைப் பேப்பர் பாதி இதுலதான் கவுந்துபோகுது, என்னைக் கேட்டா அதுல நிறைய வெறும் டாக்சிசிட்டிதான்.

வெஜ்எஃப்பால வந்த வித்தியாசம்னு கண்ணால காட்டணும்னா கொலாஜன் ஜெல்ல ஸ்பீராய்ட் (செல் உருண்டை) வெச்சு முளை எண்ணு. அங்க கண்ட்ரோல்ல முளை ரொம்பக் கம்மி, வெஜ்எஃப் போட்டா நாலாபக்கமும் நீளும், சின்னப் பையன் கூட பாத்துச் சொல்லிடுவான்.

வடலி

பெவசிசுமேப்பால மறிச்சுக் காட்டுற ஒரு வெல்லும் வையுங்கோ. வெஜ்எஃப் கூட ஒரு அரை மணித்தியாலம் முன்னமே கலந்து வச்சிட்டுச் செல்லுக்குப் போடுங்கோ. 50 நானோகிராம்/மில்லிக்கு ஒண்டுக்கு ஒண்டு கணக்கெண்டா மில்லிக்கு 0.2 மைக்ரோகிராம் காணும், நாங்கள் பத்து மடங்கு கூட்டி 2 போடுறனாங்கள். முளை அடங்கிச்செண்டா முளைச்சது வெஜ்எஃப்பால எண்டு ஒருத்தரும் மறுக்கேலாது. எலி வெஜ்எஃப்புக்கு இது சரிவராது, அதைக் கவனியுங்கோ.

கயல்_லேப்கோட்

சூப்பர். ஸ்பீராய்டுக்கு மெத்தில்செல்லுலோஸ் வேணும்ன்றாங்க, கரைச்சா கட்டி கட்டியா நிக்குது, என்ன பண்றது?

பழைய_பைப்பெட்

பச்சைத் தண்ணில தூளைக் கொட்டினா ஜென்மத்துக்கும் கரையாது. தூளை காந்தக் குச்சியோட பாட்டில்ல போட்டு வெறுமனே ஆட்டோகிளேவ் பண்ணு. 60 டிகிரிக்கு சூடு பண்ணின பேசல் மீடியம் பாதி ஊத்தி 20 நிமிஷம் கலக்கு, மீதியை ரூம் டெம்பரேச்சர்ல ஊத்து, அப்படியே 4 டிகிரில ராத்திரி முழுக்க கலங்கட்டும். மறுநாள் சென்ட்ரிஃபியூஜ்ல ரெண்டு மணி நேரம், மேல தெளிவா நிக்கறதை மட்டும் எடு. அதுல 20 பர்சன்ட் மீடியத்துல கலந்து, சொட்டுக்கு 400, 500 செல்லு, தலைகீழா தொங்க விட்டா மறுநாள் உருண்டை ரெடி.

கயல்_லேப்கோட்

திங்கக்கிழமை போடறேன் மேடம். கொலாஜன் எலி வால்ல எடுத்ததே போதுமா, நடுநிலைப்படுத்தும்போது பிஹெச் எவ்வளவு?

பழைய_பைப்பெட்

போதும். 7.4, எல்லாமே ஐஸ் மேல. ஃபீனால் ரெட் இளஞ்சிவப்பு ஆனதும் நிறுத்து, ரொம்ப நேரம் யோசிச்சா பைப்பெட்டுக்குள்ளயே கட்டியாயிடும்.